ஒன்பதாம் குழியின் கறை

அத்தியாயம் நான்கு

ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் நான் கேட்ட இரண்டாவது கிளாஸ் டீயைக் கோதண்டராமன் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. பத்து நிமிஷம் பிந்தியிருப்போம். தோல் பதனிடுகிற ஷாப்பின் பெரிய கேட் எங்கள் முகத்துக்கு முன்னால் சாத்தப்பட்டிருக்கும். இப்போதோ அது எங்கள் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. உள்ளே நூற்றிருபது தொழிலாளிகள், ஒரு முதலாளி, ஒரு மானேஜர், ஒரு துப்பறிகிறவர், அப்புறம் நான். சுவர் இரண்டு ஆள் உயரம். அதன் தலையில் கண்ணாடிச் சில்லு.

"பயமா இருக்கா, பச்சையப்பா?" என்றார் கோதண்டராமன்.

"இல்ல சார். சுவரோட உயரத்தையும் என்னோட அகலத்தையும் வெச்சு ஒரு கணக்குப் போட்டேன்."

"விடை?"

"உள்ளேயே இருந்துடலாம்னு வந்துது."

கோதண்டராமன் காட்பாடி ரயில்வே கூட்ஸ் ஆபீசில் பதினெட்டு வருஷம் இருந்தவர். கிழிந்த மூட்டையைப் பார்த்து, எந்த ஸ்டேஷனில் கிழிந்தது என்று சொல்லுவார். வேலையை விட்டு வேலூரில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தார். மில்காரர்களும் ஷாப்புக்காரர்களும் தங்கள் வீட்டுத் திருட்டைப் போலீசுக்குச் சொல்ல வெட்கப்பட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். அவருக்கு மூளை. எனக்கு வாய். குடையையும் நான்தான் தூக்குவேன்.

முதலாளி இஷ்தியாக் அகமது சாயபு, ஆபீஸ் அறையில் உட்காராமல் நடந்துகொண்டே பேசினார்.

"மாதுளை மார்க்னா மெட்ராஸ்ல கட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க. முதல் தரம்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்க. எங்க அப்பா காலத்து மார்க். போன மாசம் ரெண்டாம் தரத் தோல்ல அந்த மார்க்கைக் குத்தி யாரோ அனுப்பிட்டான். அத்தனையும் திரும்பி வந்துது. திங்கட்கிழமை காலையில, எல்லா இடமும் சோதனை போடப்போறேன்னு சொன்னேன். சாயங்காலம் மார்க் குத்துற இரும்பு அச்சே காணோம்."

"வெளியே போயிருக்குமா?"

"எப்படிப் போகும்? கேட்ல தினம் சோதனை. சட்டை, முந்தானை, சோத்துத் தூக்கு ஒண்ணு விடாம பார்க்கிறான் சத்தார். அச்சு உள்ளதான் இருக்குது. எடுத்தவனும் உள்ளதான் இருக்கிறான். அதான் இன்னிக்குக் கேட்டைப் பூட்டச் சொன்னார் நம்ம மானேஜர். எனக்கும் சரின்னு பட்டுது."

நம்ம மானேஜர் ரத்தினசாமி கதவோரம் நின்றிருந்தார். மெட்ராசிலிருந்து ஆறு மாசத்துக்கு முன் வந்தவர். மூக்கில் கைக்குட்டை, காதில் பென்சில், விரல் நுனியில் ஊதா, இடுப்பில் சாவிக் கொத்து. அவர் அசைந்தால் அது கலகல என்றது. வெள்ளைக் கோட்டில் அந்தச் சாவிக் கொத்துக்குப் பின்னால் எட்டணா அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை.

"மசிக்கூட்டைச் சாவியோட மாட்டியிருக்கீங்களா சார்?" என்றேன்.

"எழுதறவன் கோட்டுல மசி இல்லாம மல்லிப்பூவா இருக்கும்?" என்றார்.

நல்ல பதில். நான் சொல்லியிருக்க வேண்டியது. ஊரில் வேறு யாராவது ஜோக் அடித்தால் எனக்கு வயிறு எரியும் என்பதைத் தவிர, அந்தக் கறையைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவில்லை.

"ஆள் யாருன்னு தெரிஞ்ச விஷயம்தாங்க," என்றார் ரத்தினசாமி. "பட்டை ஷெட் மேஸ்திரி இருதயராஜ். சங்கம் கிங்கம்னு பேசறவன். திங்கட்கிழமை இந்த ஜன்னல் பக்கம் நின்னதைப் பார்த்தேன். நீங்க விசாரிச்சு எழுத்துல குடுத்தா, அஞ்சு மணி வண்டியில இன்ஸ்பெக்டர் வர்றார், ஒப்படைச்சுடலாம். ஷாப் குடுத்த லைன் வீட்டையும் இன்னிக்கே காலி பண்ணிடணும்னு சொல்லிட்டேன்."

கோதண்டராமன் சட்டைப் பையிலிருந்து எங்களுக்கு வந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தார். ஊதா காப்பிங் பென்சிலில் அழகான கையெழுத்து. 'தங்கள் நிலையத்தார் நேரில் வந்து விசாரித்து, குற்றம் செய்த தொழிலாளியின் பெயரை எழுத்து மூலம் தரவும்.' குற்றவாளி ஒரு தொழிலாளி என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களுக்கு விட்டுவைத்தது பெயர் ஒன்றுதான். அதையும் இப்போது சொல்லியாயிற்று. இனி எங்களுக்கு வேலை, மத்தியானச் சாப்பாடு.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள பேர் வேணும்," என்றார் சாயபு. "அதுவரைக்கும் கேட் திறக்காது. யாருக்கும். உங்களுக்கும்தான்."

வெளியே வந்ததும் கேட்டேன். "சார், எழுதிக் குடுத்துட்டா வெளிய விடுவாங்க இல்ல?"

"எழுதிக் குடுத்தா இருதயராஜ் போவான். நாம போவோம். அச்சு மட்டும் உள்ளேயே இருக்கும். அது எங்கேன்னு மட்டும் முதல்ல பார்ப்போம்."

பட்டை ஷெட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகை. அதன் மேல் அரிவாள், பேனாக்கத்தி, கதவுச் சாவிகள், ஒரு இரும்பு வளையம், சாமி தகடு ஒன்று. பக்கத்தில் ஈரக் கையோடு ஒரு பெண் நின்றாள்.

"இரும்பு இருந்தா வெச்சுட்டு வாங்க ஐயா."

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"பட்டைத் தண்ணிக்கு இரும்பு ஆகாது. இங்க வாளியிலகூட இரும்பு கெடையாது. செம்பு வளையம்தான்."

கோதண்டராமனின் குடையை நான் பலகையில் வைத்தேன். என் பூட்ஸில் ஆணி இருந்தது. அதைக் கழற்ற வைத்தாள். கதவுச் சாவியை வாங்கினாள். "அவ்ளோதானா?" என்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ்ளோதான்," என்றேன்.

அது பொய். என் இடுப்பு வேட்டி நிற்கிற இடுப்பு அல்ல. மலையில் வைத்த பானை மாதிரி அது நழுவிக்கொண்டே இருக்கும். எனவே மடிப்புக்குள் ஒரு ஊக்கு குத்தியிருப்பேன். துருப்பிடித்த, பழைய, எனக்கு மிகவும் விசுவாசமான ஊக்கு. நூற்றிருபது பேர் முன்னால் அதைக் கழற்றி வைத்துவிட்டு என்ன கதிக்கு ஆளாவது?

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அந்தப் பெண் சட்டென்று கேட் பக்கம் திரும்பினாள்.

"உன்னுதா?" என்றார் கோதண்டராமன்.

"ஆமாங்க. அஞ்சு மாசம். மத்தியானத்துக்கு எங்க அக்கா தூக்கினு வருவா. கேட்டாண்ட போய்ப் பால் குடுத்துட்டு வருவேன். இன்னிக்கு..." பூட்டைப் பார்த்தாள். முந்தானையை மார்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் பேரு பூவம்மாள். நீங்க புடிக்க வந்திருக்கிற இருதயராஜ் எங்க வீட்டுக்காரர்தான்."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. வருவதில்லை, வேண்டுகிற நேரத்தில்.

பட்டை ஷெட் என்பது கூரைக்குக் கீழே வரிசையாக வெட்டிய பன்னிரண்டு குழிகள். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், வெல்லப்பாகு நிறத்தில். அதற்குள் ஆட்டுத்தோல்கள். குழிக்குக் குழி ஒரு அடி அகல வரப்பு. இடுப்பளவு தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி புரட்டினார்கள். நெட்டையாக, தலைத்துண்டோடு வரப்பு முனையில் நின்றவன் இருதயராஜ்.

வெறுங்காலோடு வழுக்கும் வரப்பில் எப்படி நடப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏழாம் குழி என்னை வரவேற்றது. இடுப்புவரை இறங்கினேன்.

ஷெட் முழுக்கச் சிரிப்பு. காலையிலிருந்து அடைத்துவைத்த சிரிப்பெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. "தோலு நல்ல தடிப்பு, ரெண்டு மாசம் ஊறணும்," என்றான் ஒருவன். "மார்க் குத்த முடியாதுப்பா, மூணாம் தரம்," என்றான் இன்னொருவன். பூவம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேர் என்னைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். பெருமையாக நின்றேன். கோமாளிக்குக் கூட்டம் சிரித்தால் போதும், நனைந்தது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பூவம்மாளின் சிரிப்பு நடுவிலேயே நின்றது.

அவள் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். ஊக்கு இருந்த இடத்தைச் சுற்றி என் வெள்ளை வேட்டி கறுத்துக்கொண்டிருந்தது. பொட்டு மாதிரி ஆரம்பித்து, எட்டணா அகலத்துக்கு.

"ஐயா இரும்பு வெச்சிருக்கீங்க," என்றாள் மெதுவாக.

"ஒரு சின்ன ஊக்கும்மா. துவைச்சா போயிடும்."

"போவாது. பட்டைத் தண்ணியும் இரும்பும் சேர்ந்தா கறுத்துடும். எத்தினி தபா துவைச்சாலும் வெளுக்காது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அந்தப் பக்கம் திரும்பிக்கினு நில்லுங்க ஐயா. உங்க ஐயா பார்த்துடப் போறாரு."

அவர் பார்த்துவிட்டார். கோதண்டராமன் என் வேட்டியைப் பார்க்கவில்லை, பூவம்மாளைப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிச்சு முடிச்சாங்க. நீ மட்டும் பாதியில நிறுத்திட்டே. ஏம்மா?"

அவள் கண், கூடாது கூடாது என்று தடுத்தும், ஒரு மூலைக்குப் போய்த் திரும்பியது. ஆபீஸ் சுவரை ஒட்டின ஒன்பதாம் குழி. அதன் மேல் மட்டும் கோரைப்பாய் மூடியிருந்தது.

கோதண்டராமன் நடந்தார். இருதயராஜ் குறுக்கே வந்து நின்றான்.

"அது காலிக் குழிங்க."

"காலிக் குழிக்கு எதுக்குப் பாய்? தூங்கவா?"

இருதயராஜ் தானே குனிந்து பாயை இழுத்தான். உள்ளே தண்ணீர் இல்லை, மசி. நாற்பது தோல் அதில் காக்கை நிறத்தில் மிதந்தது.

"செவ்வாக்கெழமை காலையில வந்து பார்த்தா இப்படி," என்றான். "சொன்னா என் தலையிலதான் விடியும். புதுப் பட்டை போட்டுப் பார்த்தேன், தண்ணி மாத்திப் பார்த்தேன், தெளியல. நேத்து அடியில கைய விட்டுத் தேடினேன். சாக்குத் துணி சுத்தின ஒரு மூட்டை. அதுல கல்லு கட்டியிருந்துது. பிரிச்சுப் பார்த்தேன், மாதுளை அச்சு. எடுத்தா என் கையில இருக்கும். விட்டா என் குழியில இருக்கும். எப்படியும் நான்தான். சுத்திக் கட்டி மறுபடியும் உள்ளியே போட்டுட்டேன். நீங்களே சொல்லுங்க, இன்னா பண்ணியிருக்கணும்?"

"முதலாளியையும் மானேஜரையும் வரச் சொல்லு," என்று கோதண்டராமன் ஒருவனை அனுப்பினார்.

"சார், வேணாம்," என்றேன். "என் ஊக்கு காட்டிக் குடுத்ததுக்கு இந்த ஆளு உள்ள போகணுமா? பாயை இழுத்து மூடிடலாம். நான் பார்க்கல. எனக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம்னு எழுதிக்கங்க."

"சும்மா இரு, பச்சையப்பா. அவங்க உள்ள வர்றதைக் கவனி."

கவனித்தேன். வெளியே குழந்தை விடாமல் அழுதது. பூவம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதலாளி கோபத்தில் வேகமாக வந்தார். பலகையருகே வந்ததும் கால் தானாக நின்றது. பூண் போட்ட கைத்தடியைப் பலகையில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கேட் காவல்காரன் சத்தார் தன் தடியை வைத்தான், இடுப்புக் கத்தியை வைத்தான். பின்னாலேயே மூக்கில் கைக்குட்டையோடு ரத்தினசாமி வந்தார். கலகல, கலகல.

இருதயராஜ் குழியில் இறங்கி மூட்டையை எடுத்துக் கரையில் வைத்தான். அச்சு வெளியே உருண்டது. சாயபு அதை எடுக்கக்கூட இல்லை.

"என் அச்சையும் திருடி, நாற்பது தோலையும் கெடுத்திருக்கிறே. உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன் இருதயராஜ்?"

"நான்தான் சொன்னேனே சாயபு," என்றார் ரத்தினசாமி. "அவன் குழியிலேயே இருக்குது. இனிமே இவங்க எழுதிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

"எழுதிடலாம்," என்றார் கோதண்டராமன். "ஒரு சந்தேகம். இந்த அச்சை இங்க போட்டவன் ஒளிச்சு வைக்கத்தானே போட்டான்? கல்லு கட்டி, துணி சுத்தி?"

"ஆமா."

"இங்க வேலை செய்யறவங்க வாசல்ல சாமி தகட்டைக்கூடக் கழட்டி வைக்கிறாங்க. இரும்பை இந்தத் தண்ணியில போட்டா ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சுடும்னு தெரியாதவங்க இந்த ஷெட்ல யாரு? மேஸ்திரி ஒளிக்கணும்னா பட்டைக் குவியல் இருக்குது, சுண்ணாம்புக் குழி இருக்குது. உண்டியல் மாதிரி சத்தம் போடுற இடத்துலயா ஒளிப்பான்?"

ரத்தினசாமி சிரித்தார். "முதலாளி மேல இருக்கிற கோவத்துல வேணும்னே கெடுத்திருப்பான்."

"கெடுத்தவன் புதுப் பட்டை போட்டு மூணு நாளா வைத்தியம் பார்ப்பானா? இரும்பு கறுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? ஆறு மாசமா இங்கதானே இருக்கிறேன்."

"அப்படியா? முதலாளி கோவத்துலயும் கைத்தடியை வெச்சுட்டு வந்தார். சத்தார் கத்தியை வெச்சான். இப்ப இந்த ஷெட்டுக்குள்ள இரும்போட நிக்கிறது ரெண்டே பேர். ஒருத்தன் என் அசிஸ்டெண்ட். அவன் கதை வேற."

எல்லோரும் ரத்தினசாமியின் இடுப்பைப் பார்த்தார்கள். அவர் கை சாவிக் கொத்தைப் பொத்தியது. பொத்தினால் சத்தம் நிற்கும், கறை நிற்குமா?

"மறந்துட்டேன். அதுக்காக நான் திருடனா?"

"பச்சையப்பா, இங்க வா. மடிப்பை விரிச்சுக் காட்டு."

என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை அசட்டுத்தனமாக நின்றிருக்கிறேன். எதற்காகவாவது நின்றது அன்றுதான். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரத்தினசாமிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கோட்டில் எட்டணா. என் வேட்டியில் எட்டணா. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே நிறம்.

"இது மசி," என்றார் ரத்தினசாமி. குரல் கொஞ்சம் ஏறியது.

கோதண்டராமன் கடிதத்தைப் பிரித்துச் சாயபுவிடம் நீட்டினார். "உங்க ஆபீஸ்ல எல்லாம் ஊதா. கடிதம் ஊதா, மானேஜர் விரல் ஊதா. கறுப்பு மசிக்கூடு ஒண்ணு இருக்குதா சாயபு?"

சாயபு யோசித்தார். "கெடையாது. நகல் எடுக்கணும்னு நாங்க ஊதாதான்."

"ரெண்டாம் தரத்துல மாதுளை மார்க் குத்தினவரும் இவர்தான். சோதனைன்னு தெரிஞ்சதும், மாட்டிக்கக் கூடாதுன்னு திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் சுவருக்குப் பக்கத்துக் குழியில குனிஞ்சு மூட்டையை இறக்கியிருக்கார். தண்ணி தெறிச்சு சாவி நனைஞ்சுது. சாவி கோட்டை நனைச்சுது. சாவியைப் பாருங்க, கறுத்திருக்கும். இந்த ஊர்க்காரன் யாரா இருந்தாலும் அந்தக் கோட்டை அன்னிக்கே எரிச்சிருப்பான். இவர் சலவைக்குப் போட்டு, மறுபடியும் போட்டுக்கினு வந்து நிக்கிறார். மசின்னு நெசமாவே நம்பறார்."

பூவம்மாள்தான் பேசினாள். யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"தினம் பார்த்தோம். ஆபீஸ்காரர் இடுப்புல கறுப்பு இருந்தா மசின்னு விட்டுட்டோம். எங்க இடுப்புல இருந்திருந்தா அன்னிக்கே கேக்க மாட்டாங்களா?"

ரத்தினசாமி கேட்டைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அது நன்றாகப் பூட்டியிருந்தது. பூட்டச் சொன்னவர் அவர்தான்.

"எங்களைக் கூப்பிடச் சொன்னதும் நீங்கதானே?" என்றார் கோதண்டராமன்.

"வேலூர்ல விசாரிச்சேன்," என்றார் ரத்தினசாமி. "சொன்னதை எழுதிக் குடுப்பாங்க, பெரிய ஆளுங்க இல்லைன்னு சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சாயபு கையை நீட்டினார். "சாவி." கொத்து கை மாறியபோது அது கலகல என்றுகூடச் சொல்லவில்லை. சாவிகளின் பல் எல்லாம் கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே சாயபு இருதயராஜ் பக்கம் திரும்பினார். "லைன் வீடு உங்களுதுதான்," என்றார். பிறகு சத்தாரிடம், "கேட்டைத் தொற. முதல்ல அந்தப் புள்ளைய உள்ள விடு."

பூவம்மாள் வரப்பில் ஓடினாள். அவள் வழுக்கவில்லை. அழுகை சட்டென்று நின்ற அந்த நொடியில்தான், காலையிலிருந்து என் காதில் அது எவ்வளவு இருந்தது என்று தெரிந்தது.

கேட்டில் சத்தார் வழக்கம்போல எங்களைச் சோதனை போட நின்றான். திறந்தாலும் அது அந்தக் கேட்தான். முதல் ஆளாக, இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்க வேண்டிய ரத்தினசாமி நின்றார். ஆபீஸ் ஆளைத் தொட்டுப் பழக்கமில்லாத சத்தார் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையை ஆட்டினார். அடுத்தது நான்.

"கையைத் தூக்கு," என்றான் சத்தார்.

"தூக்கினா வேட்டி இறங்கிடும்ப்பா. ஊக்கைப் பலகையில வெச்சுட்டேன்." ஷெட்டை விட்டு வரும்போதே நான் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

இருதயராஜ் பின்னாலிருந்து வந்தான். கையில் விரலகல வார் ஒன்று. ஒன்பதாம் குழித் தோலில் அறுத்தது, இன்னும் ஈரமாக, கன்னங்கரேலென்று. என் இடுப்பைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டான்.

"இதுக்கு மேல ஊக்கும் குத்திக்கலாம்," என்றான். "இது இனிமே கறுக்காது."

சத்தார் வாரைத் தொட்டுப் பார்த்தான். "தோலு வெளிய போவுதே?"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பூவம்மாள் சிரித்தாள். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை.

"போவட்டும் அண்ணே. அதுல மார்க் இல்ல."

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.